ஒரு வீடு, நாலு ஸ்பீக்கர், ஒரே பாட்டு: உவர்மலையில் நாங்கள் செய்தது

வீட்டு வைபையில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பாட்டு அனுப்புவது இப்போது லேசான வேலை. அனுப்பிய பாட்டு எல்லா அறையிலும் ஒரே கணத்தில் ஒலிக்க வைப்பதுதான் வேலை. இதில் இறங்குகிற ஆட்கள் பலர் ஸ்பீக்கர் எது, அம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற பெட்டி) எது என்று தேடுவதிலேயே காலத்தைச் செலவழிக்கிறார்கள். நேரத்தைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு நீளவாட்டில் கட்டியது. முன்னுக்கு விறாந்தை, பிறகு ஹோல், இரண்டு அறை, கடைசியில் குசினி. குசினிக்குப் பின்னால் பத்தி இறக்கி அங்கே அக்கா தையல் மெசின் போட்டிருக்கிறா. பழைய சுவர்கள், நல்ல தடிப்பு. அப்பா விறாந்தையில் பேப்பர் பார்க்கிற நேரம், அம்மா குசினியில் நிற்கிற நேரம், அக்கா தைக்கிற நேரம் எல்லாம் காலையில் ஒன்றாகத்தான் வரும். மூவருக்கும் தேவாரமும் செய்தியும் வேண்டும். ஒரு றேடியோவை ஹோலில் வைத்து முழுச் சத்தத்தில் போட்டால் பக்கத்து வளவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். பத்தியில் இருக்கிற அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்காது.

புளூடூத் இந்த வீட்டுக்குச் சரிவரவில்லை. வழமையான புளூடூத் ஸ்பீக்கருக்கு 10 மீற்றர் என்பது திறந்த வெளிக் கணக்கு. இரண்டு தடித்த சுவர் குறுக்கே வந்தால் பாதித் தூரத்திலேயே அறுந்து அறுந்து கேட்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பாட்டு போனோடு கட்டுப்பட்டிருப்பது. போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாட்டும் போய்விடும். அழைப்பு வந்தால் வீடு முழுக்க நின்றுவிடும். பாட்டு வீட்டில் இருக்கவேண்டும், போன் அதை இயக்குகிற ரிமோட்டாக மட்டும் இருக்கவேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன். இந்த முடிவை எடுத்தால் மற்ற எல்லாத் தெரிவும் சுலபமாகும்.

முதலில் போட்டது டி.எல்.என்.ஏ. என்ற முறையில் வீட்டு நெட்வேர்க்கில் பாடுகிற ஸ்பீக்கர்கள். பாட்டுகள் ஒரு பழைய லப்டொப்பில். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தானே போய் அதிலிருந்து இழுத்துப் பாடும். ஒரு அறையில் மட்டும் கேட்பதென்றால் இது போதும், இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். இரண்டை ஒன்றாகப் போட்டவுடன் அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டா: "தம்பி, ரெண்டு பேர் பாடுற மாதிரிக் கேக்குது. ஒண்டை நிப்பாட்டு." ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனக்குத் தேவையான அளவு பாட்டை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைத்துக்கொண்டு, தான் தயாரான நேரத்தில் தொடங்கும். ஒன்று அரைச் செக்கன் பிந்தும், மற்றது ஒன்றரைச் செக்கன். இரண்டுக்கும் இடையில் நிற்கிற ஆளுக்குத் தலையிடிதான்.

சரி, எப்படியோ இரண்டையும் ஒரே கணத்தில் தொடங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தீராது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சின்னப் பளிங்கு மணிக்கூடு இருக்கிறது. செக்கனுக்கு 44,100 அல்லது 48,000 ஒலி மாதிரிகளை (ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்த எண்களை) வெளியே விடும் வேகத்தை அதுதான் தீர்மானிக்கும். எந்த இரண்டு பளிங்கும் அச்சொட்டாக ஒரே வேகத்தில் ஓடாது. மில்லியனுக்கு 50 பங்கு வித்தியாசம் என்று எடுங்கள். மலிவான சாமான்களில் இது சாதாரணம். ஒரு செக்கனில் அது 0.05 மில்லி செக்கன், ஒன்றும் தெரியாது. ஒரு மணித்தியாலத்தில் 180 மில்லி செக்கன். அது தெளிவான எதிரொலி. காலையில் ஒன்றாகத் தொடங்கிய இரண்டு ஸ்பீக்கர் பத்து மணிக்குத் தனித்தனியாகப் பாடுவதற்குக் காரணம் இதுதான். வைபையைக் குற்றம் சொல்லி ரவுட்டர் மாற்றினவர்களை எனக்குத் தெரியும். ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைத் தீர்ப்பதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள்கள் உண்டு. நான் நிலைத்து நின்றது ஸ்னாப்காஸ்டில். பாட்டை அனுப்புகிற சேர்வர் ஒன்று, வாங்கிப் பாடுகிற கிளையன்ட் எத்தனை வேண்டுமானாலும். சேர்வர் பாட்டைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் நேரத்தைக் குறித்து அனுப்பும். கிளையன்ட்கள் தங்கள் மணிக்கூட்டைச் சேர்வரின் மணிக்கூட்டோடு விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வந்த துண்டை உடனே பாடாது, குறித்த நேரம் வரும்வரை வைத்திருந்து பாடும். கோயிலில் பூசைக்கு நேரம் குறித்துவிட்டால் யார் எந்தத் தெருவால் வந்தாலும் மணி அடிக்கும்போது எல்லோரும் கூடி நிற்பார்களே, அப்படி. ஒரு கிளையன்ட் மெல்லப் பிந்தினால் இடைக்கிடை ஒரு மாதிரியை விட்டுவிடும், முந்தினால் ஒன்றைக் கூடப் போடும். 48,000 இல் ஒன்று என்பது 0.02 மில்லி செக்கன், காதுக்குப் பிடிபடாது. வழமையாக 1,000 மில்லி செக்கன் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும். அதனால் வைபை ஒரு கணம் தடுமாறினாலும் சத்தம் அறாது.

எங்கள் வீட்டில் சேர்வர் ஒரு ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி. ஹோலில் ரவுட்டருக்குப் பக்கத்தில், கேபிளில். பாட்டுகள் அதோடு கொழுவிய ஒரு டிஸ்க்கில் இருக்கின்றன. எம்.பி.டி. என்ற பிளேயர் பாட்டைப் போடும், ஸ்னாப்காஸ்ட் பரப்பும். தம்பியின் ஐபோனிலிருந்து ஏர்பிளே என்ற ஆப்பிள் வசதி வழியாகவும் இதற்குள் பாட்டு விடலாம். அதற்கு ஷேர்போர்ட் சிங்க் என்ற மென்பொருள். டிஸ்க்கில் இருக்கிற பாட்டுக்கு இன்ரநெட்டே தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். லைன் போனாலும், டேட்டா முடிந்தாலும், வீட்டுக்குள் பாட்டு ஓடும்.

வீட்டில் எல்லோரிடமும் ஆப்பிள் சாமான்தான் என்றால் ஏர்பிளே 2 போதும், இந்த வேலை ஒன்றும் வேண்டாம். கூகுளின் குரோம்காஸ்ட் ஓடியோவும் அருமையான சாமானாக இருந்தது. ஆனால் 2019 இல் அதை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில், கருவி உண்மையானது என்று உறுதிப்படுத்துகிற ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பெட்டிகள் உலகம் முழுக்கச் சில நாள் முடங்கின. அதனால்தான் வீட்டுக்குள் நடக்கிற விசயத்துக்கு வெளியே இருக்கிற ஒரு கம்பனியின் சேர்வரை நம்பாமல் இருப்பதை நான் விரும்புகிறேன்.

கிளையன்ட்களில் ஒன்று காசே செலவில்லாதது. திரை வெடித்த பழைய அண்ட்ராய்ட் போன், இயர்போன் செருகுகிற காது துளை உள்ளது. ஸ்னாப்காஸ்டின் அப்பைப் போட்டு, அந்தத் துளையிலிருந்து வயர் எடுத்து அம்புக்குக் கொடுத்தால் முடிந்தது. ஒரு கவனம்: சார்ஜரிலேயே நாள் முழுக்கக் கிடக்கிற போனின் பற்றரி எங்கள் வெக்கையில் ஊதும். கவர் போடாமல் வையுங்கள், இடைக்கிடை பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மேடு தெரிந்தால் அன்றைக்கே கழற்றுங்கள். குசினியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது விறாந்தையில் இருக்கிறது. மற்ற இடங்களில் ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூவும் ஒரு பை 3 உம். சீரோவில் காது துளை இல்லை. பை 3 இல் இருக்கிறது, ஆனால் அதில் இரைச்சல். மலிவான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்று இரண்டுக்கும் தீர்வு.

கடற்கரை ஊர்க்காரருக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். உவர்மலையில் உப்புக் காற்றுக்கு எந்தப் பிளக்கும் தப்பாது. ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது, தொட்டால் கரகரக்கிறது என்றால் மென்பொருளைத் திறக்க முதல் ஜக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளாக இருந்த முனையில் பச்சை படிந்திருக்கும். கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் சில மாதம் ஓடும். அம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயரை நான் ஜக் வைக்காமல் நேரே ஈயம் வைத்துவிட்டேன். ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பைச் சுற்றியிருக்கிற வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் இந்த ஈரப்பதனில் மாவாகக் கொட்டும், றப்பர் வளையம் நின்றுபிடிக்கும். பேப்பர் கூம்பைவிடப் பிளாஸ்ரிக் கூம்பு எங்கள் மாரிக்கு நல்லது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேறு தொல்லை: ராஸ்பெரி பையைக் கூரைத் தகரத்துக்குக் கிட்ட உயரத்தில் வைத்தால் சூடேறி, 80 பாகையைத் தாண்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்தியில் அதை மேசை மட்டத்துக்கு இறக்கினோம்.

வைபை விசயத்தில் ஆட்கள் அகலத்தைப் பற்றித்தான், அதாவது செக்கனுக்கு எவ்வளவு போகும் என்பதைப் பற்றித்தான், கவலைப்படுகிறார்கள். சீ.டி. தரமுள்ள பாட்டு சுருக்காமல் போனாலே செக்கனுக்கு 1.4 மெகாபிட்தான், தரம் குறையாமல் சுருக்குகிற ஃபிளாக் முறையில் சுருக்கினால் பெரும்பாலும் அரைவாசிக்கு அண்மையில் வரும். நாலு ஸ்பீக்கர் ஒரு யூடியூப் வீடியோவுக்குக் கிட்ட. அகலம் பிரச்சினையில்லை, ஒழுங்காக வந்துசேர்கிறதா என்பதுதான் பிரச்சினை. பை போன்ற கருவிகள் மின்சாரம் மிச்சம் பிடிக்க வைபையை இடைக்கிடை உறங்க விடும். அந்தப் பவர் சேவ் வசதியை நிறுத்தியதோடு குசினி ஸ்பீக்கரின் அறுதல் முக்கால்வாசி நின்றது. மிச்சத்துக்கு, ரவுட்டரின் 2.4 கிகாஹேர்ட்ஸ் சனலை, ஒன்றோடொன்று கலக்காத 1, 6, 11 இல் அக்கம்பக்கம் குறைவாகப் பாவிக்கிற ஒன்றுக்கு மாற்றினேன். சீரோ 2 டபிள்யூவும் பை 3 இன் பழைய வடிவமும் 2.4 இல் மட்டுமே பேசும். அதனால் போன்களையும் ரிவியையும் 5 கிகாவுக்குத் தள்ளிவிட்டு, 2.4 ஐ ஸ்பீக்கர்களுக்கு விட்டேன்.

சாம்பல்தீவில் மச்சான் வீட்டில் வேறு விதமாக நடந்தது. அவர் பல்ஸ்ஓடியோ என்ற மென்பொருளில் மல்ரிகாஸ்ட் போட்டிருந்தார், ஒரு தரம் அனுப்பினால் எல்லா ஸ்பீக்கரும் கேட்கும் என்ற எண்ணத்தில். கேபிளில் அது அழகாக வேலை செய்யும். வைபையில் பாட்டுப் போட்டவுடன் வீட்டில் ஒருவருக்கும் வட்ஸ்அப் கூடத் திறக்கவில்லை. "என்ன மச்சான் இது, ஒரு பாட்டுக்கு லைனே படுத்திட்டுது" என்று போன் எடுத்தார். காரணம் இது: மல்ரிகாஸ்டை வைபை ரவுட்டர் எல்லாக் கருவிக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும். பல பழைய ரவுட்டர்களில் அது 1 மெகாபிட். பாட்டுக்குத் தேவை 1.4. ஒரு மெகாபிட் வாய்க்காலுக்குள் அது அடங்காது, அடங்காமலே முழு அலைவரிசையையும் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு மல்ரிகாஸ்டில் தொலைந்த துண்டைத் திருப்பி அனுப்புகிற ஏற்பாடும் கிடையாது. அவருக்கும் ஸ்னாப்காஸ்ட் போட்டுக் கொடுத்தேன். அது ஒவ்வொரு கிளையன்டுக்கும் தனித்தனியாக அனுப்பும். கேட்க வீண்செலவு போல இருக்கும். வைபையில் அதுதான் சிக்கனம்.

ஸ்பீக்கர் போனில் தெரியவே இல்லை என்று என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் கேட்கிற கேள்வி: வீட்டில் எத்தனை ரவுட்டர்? பைபர்காரர் தந்தது ஒன்று, பின்னறைக்குச் சிக்னல் காணாது என்று கடையில் வாங்கியது இன்னொன்று. இரண்டாவதைப் பெட்டியிலிருந்து எடுத்தபடி கொழுவினால் அது தனி நெட்வேர்க் ஒன்றை உருவாக்கிவிடும். போன் ஒரு பக்கம், ஸ்பீக்கர் மறுபக்கம். இன்ரநெட் இரண்டிலும் வரும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவதை, முதல் ரவுட்டரின் நெட்வேர்க்கையே நீட்டுகிற அக்சஸ் பொயின்ட் நிலைக்கு மாற்றினால் சரி. விருந்தாளி வைபையும் இப்படித்தான். அதில் இணைந்த கருவிகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. கையோடு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு நுணுக்கமான வேலை ஒன்று மிச்சம். ஸ்னாப்காஸ்ட் துண்டுகளை ஒரே நேரத்தில் கையளித்தாலும், சவுண்ட் கார்டும் அம்பும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் பிந்தும். பழைய போன் இன்னும் கூடப் பிந்தும். ஒவ்வொரு கிளையன்டுக்கும் மில்லி செக்கனில் திருத்தம் போட இடம் இருக்கிறது. இதைச் சரிபார்க்கப் பாட்டுப் போடாதீர்கள், குரல் இழுபடும், பிடிபடாது. நான் பாவித்தது தவில் தனி. ஒவ்வொரு அடியும் வெட்டி விழும். ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் இருக்கிற வாசல்படியில் நின்று கேட்டேன். வலது கை அடி "தக்" என்று ஒன்றாக விழுந்தால் சரி; "தக்க்" என்று வால் முளைத்தால் ஒரு ஸ்பீக்கர் பிந்துகிறது. எது என்று அறிய ஒன்றின் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கவேண்டும். பிறகு பத்துப் பத்தாகக் கூட்டிக் குறைத்து, வால் மறைகிற இடத்தில் நிறுத்தவேண்டும்.

எங்கே நின்று கேட்கிறோம் என்பது முக்கியம். சத்தம் ஒரு மீற்றர் நடக்க ஏறக்குறைய 3 மில்லி செக்கன் எடுக்கும். 10 மீற்றர் தள்ளியிருக்கிற ஸ்பீக்கர் எவ்வளவு சரியாகப் பாடினாலும் உங்கள் காதுக்கு 29 மில்லி செக்கன் பிந்தித்தான் வரும். ஆகவே வீட்டின் எல்லா மூலையிலும் ஒரே மாதிரிச் சரியாக்க முடியாது, முயலவும் தேவையில்லை. ஆட்கள் இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றாகக் கேட்கிற இடம் எது என்று பாருங்கள், அங்கே நின்று சரிசெய்யுங்கள். அக்காவின் பத்திக்கு நான் திருத்தமே போடவில்லை. "மெசின் சத்தத்துக்குள்ள எனக்குச் சொல்லு விளங்கினாக் காணும்" என்றா. அங்கே மற்ற ஸ்பீக்கர் எதுவும் கேட்பதில்லை என்பதால் அது சரிதான்.

ரிவியின் சத்தத்தை இதற்குள் விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். விடாதீர்கள். ஒரு செக்கன் பிந்தினால் வாயசைவும் பேச்சும் ஒட்டாது. அந்தச் செக்கனைக் குறைத்தால் வைபையில் பாட்டு அறுகிறது. ரிவிக்கு வயர் போடுங்கள்.

அம்பைக் கொழுவியதும் "ம்ம்ம்" என்று தடித்த இரைச்சல் வந்தால், அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் எர்த் வயர் வழியாகச் சுற்றி வருவது. ஒரே பிளக் கட்டையில் இரண்டையும் செருகிப் பாருங்கள்; போகாவிட்டால் ஓடியோ வயருக்கு நடுவில் போடுகிற கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் வாங்குங்கள். எர்த் காலை வெட்டிவிடச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது உயிருக்கான வயர்.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் இலங்கையில் இதை எழுதமுடியாது. 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டின காலத்தில் பலர் ரவுட்டருக்கென்று மினி யூ.பி.எஸ். வாங்கினார்கள், அதே சாமான் இப்போது எங்கள் ரவுட்டரையும் சேர்வரையும் தாங்குகிறது. கிளையன்ட்களுக்கு அது தேவையில்லை. ஆனால் திடீரென்று கரண்ட் போகும்போது மெமரி கார்டில் ஏதும் எழுதிக்கொண்டிருந்தால் கார்ட் கெட்டுவிடும். ராஸ்பெரி பையின் அமைப்புகளில் ஓவர்லே என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எத்தனை தரம் பிளக்கைப் பிடுங்கினாலும் பயமில்லை. எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகுதான் அதைப் போடவேண்டும்; போட்ட பிறகு மாற்றுகிறது எதுவும் அடுத்த தரம் நிற்காது.

இதில் நான் பெருமைப்படுகிற பகுதி மிகச் சின்னது. போனைத் திறந்து அப்பைத் தேடி ஸ்பீக்கரைத் தெரிவுசெய்கிற வேலையை அம்மா செய்யமாட்டா, செய்யச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே ஒவ்வொரு அம்புக்கும் கைக்கெட்டுகிற இடத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்றும் சுவிட்ச் ஒன்றும் வைத்தோம். பை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டும் வந்துகொண்டே இருக்கும். சுவிட்ச் அம்புக்கு மட்டும். மாவு குழைத்த கையின் முழங்கையால் அம்மா அதைத் தட்டிவிடுவா. காலை 5.30 க்குச் சேர்வர் தானாகத் தேவாரத்தைத் தொடங்கும், 6.45 க்குச் செய்திக்கு மாறும். போனில் இருக்கிற சத்த அளவை நடுவில் வைத்துவிட்டு, நாளாந்தம் கூட்டிக் குறைப்பதைத் திருகிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு இடத்தில் சத்தத்தை மாற்றத் தொடங்கினால் யாருக்கும் எது குறைந்திருக்கிறது என்று தெரியாது.

கடைசியாகப் பாதுகாப்பு. ஸ்னாப்காஸ்ட் 1704, 1705, 1780 என்ற போர்ட்களில் (நெட்வேர்க்கில் இலக்கமிட்ட வாசல்களில்) பேசும். வீட்டுக்குள் இருக்கிற யாரும் கேள்வியில்லாமல் அதை இயக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அதை வழமையாக வைத்திருக்கிறோம். கனடாவில் இருக்கிற சித்தப்பா எங்கள் காலைத் தேவாரத்தைத் தானும் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். ரவுட்டரில் அந்தப் போர்ட்களை வெளியே திறந்துவிடுவது ஐந்து நிமிட வேலை, நான் திறக்கவில்லை. வயர்கார்ட் என்ற வீ.பி.என். (சாவி உள்ளவர் மட்டும் வரக்கூடிய பூட்டிய பாதை) போட்டு, அவருடைய போனுக்கு மட்டும் ஒரு சாவி கொடுத்தேன். பைபர் லைனில் இது ஓடுகிறது. 4ஜி ரவுட்டரில் வெளியிலிருந்து நேரே வர முகவரி பெரும்பாலும் கிடைக்காது, அங்கே இந்த வழி சரிவராது. அவருக்கு ஒலி ஓபஸ் என்ற முறையில் சுருங்கிப் போகும்படி தனி ஓட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டு ஸ்பீக்கர்களுக்கு ஃபிளாக் அப்படியே இருக்கிறது.